பெண் கல்விக்குப் பாடுபட்ட பேகம் ருகையா அம்மையார்

வங்காளத்து முஸ்லிம் பெண்மக்களுக்குக் கல்விக்கண் திறந்தவர் என்று அந்நாட்டார் இன்றளவும் நன்றியுடன் போற்றிவரும் பேகம் ருகையா சகாவத் ஹுசைன் அம்மையாரின் வாழ்க்கையை இவ்விதழில் நம் வாசக நேயர்களுக்குச் சொல்ல விரும்புகிறோம். வங்காளிகள் ரொக்கேயா என்று உச்சரிப்பார்கள். நம் வீடுகளில் வழங்கும் ருகையா என்ற பெயர்தான் அது. பெருமானார் (ஸல்) அவர்களின் திருமகளாருள் ஒருவருடைய பெயர்.

அம்மையார் பட்டம் பெற்றவரல்லர். மாணவியாக ஒரு நாளேனும் பள்ளிக்கூடப் படி மிதித்தவருமல்லர். அப்படிப்பட்ட ஒருவர் கல்கத்தாவில் முஸ்லிம் பெண்பிள்ளைகளுக்கென்று ஒரு பள்ளியை ஏற்படுத்தி, இருபத்தோராண்டு காலம் கட்டிக் காத்து, அந்தப் பணியிலேயே மவுத்தானார். கைம்பெண், பெற்ற பிள்ளைகளை இழந்தவர், சொந்தக்காரர்களின் மனத்தாங்கலுக்கு ஆளானவர், போட்ட முதலையும் வங்கியில் தொலைத்தவர். நாம் கடை நடத்துகிறவர்கள். முதல் போன பிறகும் கடைக்கதவை அடைக்காமல் வைத்திருப்பது எவ்வளவு பெரிய காரியம் என்பதை நமக்கு வேறொருவர் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை.

2021-ஆம் ஆண்டு ஆப்கானிஸ்தானத்தில் ஆட்சி மாறியதும், ஆறாம் வகுப்புக்கு மேல் பெண்பிள்ளைகளுக்குப் பள்ளிக்கதவு அடைக்கப்பட்டதை நேயர்கள் அறிவீர்கள். அதைக் கண்டு, இஸ்லாம் மார்க்கமே பெண் கல்விக்குப் பகைபோலும் என்று பிற சமயத்து நண்பர்கள் சிலர் நம்மிடமே கேட்டதுண்டு. அவர்களுக்கு வாயால் பதில் சொல்லிக்கொண்டிருப்பதைவிட, கல்வி தேடுவது ஆணுக்கும் பெண்ணுக்கும் கடமையென்ற மார்க்க போதனையைப் பற்றிக்கொண்டு, தம் சமூகத்தாரின் வழக்கங்களோடு ஆயுள் முழுதும் மல்லாடிய ஒரு முஸ்லிம் மாதின் வரலாற்றைச் சொல்வது மேல் என்று தோன்றிற்று.

அம்மையார் 1880-ஆம் ஆண்டு டிசம்பர் 9-ஆம் தேதி, இன்று வங்காள தேசத்தைச் சேர்ந்ததாயுள்ள ரங்கப்பூர் ஜில்லாவில் பைராபந்து என்னும் கிராமத்தில் பிறந்தார். தந்தையார் ஸஹீருத்தீன் முஹம்மது அபூ அலி ஹைதர் சாபிர் பெரிய ஜமீன்தார், கற்றவரும்கூட. தம் புதல்வர்களுக்கு ஆங்கிலக் கல்லூரிப் படிப்புக் கொடுத்தார். பெண்மக்களுக்கோ குர்ஆன் ஓதக் கற்பதும், கொஞ்சம் உருதுவும் போதும் என்பது அவருடைய முடிவு. ஆங்கிலம் மட்டுமல்ல, சொந்த நாட்டுப் பாஷையாகிய வங்காளமும் கூடாது. உயர்குடி முஸ்லிம்களுக்கு உருதுவும் பாரசீகமுமே உரியவை, வங்காளம் குடியானவன் பேசும் பாஷை என்று எண்ணியிருந்த காலம் அது. தாய்மொழியைத் தாழ்வாக நினைக்கும் இந்த மனப்பான்மை வங்காளத்தாருக்கு மட்டும் உரியதன்று என்பதை நம் ஊர்களின் பழைய சங்கதி தெரிந்த பெரியவர்கள் அறிவார்கள்.

அந்தக் குடும்பத்தின் கோஷா எத்தகையது என்பதற்கு அம்மையாரே எழுதிவைத்துள்ள ஒரு நிகழ்ச்சி போதும். அப்போது அவருக்கு ஐந்து வயது. குடும்பம் கல்கத்தாவில் இருந்த சமயம், தமையன் மனைவியைப் பார்த்துப் போவதற்காகப் பீகாரிலிருந்து இரண்டு வேலைக்காரிகள் வந்திருந்தார்கள். அந்நிய ஆண்கள் அல்லர், பெண்கள்தாம். எனினும், அறியாத பெண்களின் கண்ணிலும் வீட்டுப் பெண்பிள்ளை படலாகாது என்பது அக்காலத்துப் பெரிய வீட்டு வழக்கம். ஆகவே, அந்தச் சிறுமியை ஆயா தூக்கிக்கொண்டுபோய் மேல்மாடியில் இருந்த ஓர் அறையில் விட்டுவிட்டாள். வந்தவர்கள் வீடெங்கும் தாராளமாக நடமாடினார்கள். வீட்டுக்குச் சொந்தமான பிள்ளை, பழைய கட்டில் ஒன்றின் அடியில் மூச்சுக் காட்டாமல் பதுங்கிக் கிடந்தது. உறவுக்காரச் சிறுவன் ஒருவன் நினைவு வந்தபோது தின்னவும் குடிக்கவும் ஏதாவது கொண்டுவருவான். நினைவு வராவிட்டால் அதுவும் இல்லை. இப்படி நாலு நாள் போல் கழிந்ததாம். இந்தக் கதையை அம்மையார் பின்னாளில் கோபமாகச் சொல்லாமல் வேடிக்கைபோலச் சொல்லியிருக்கிறார். படிக்கிற நமக்குத்தான் வேடிக்கையாக இல்லை.

அம்மையாருக்கு வாய்த்த பாக்கியம், கூடப்பிறந்தவர்கள். மூத்த சகோதரி கரீமுன்னிஸா ஒளித்து மறைத்து வங்காளம் படித்தவர். அது வெளியே தெரிந்து, உறவினர்கள் வாயில் விழுந்து, படிப்பு நின்று, சின்ன வயதிலேயே நிக்காஹ் முடிந்தது. தந்தையாரை மட்டும் குறை கூறுவதற்கில்லை. ஊரார் வாய்க்கு அஞ்சாத தகப்பன் எங்கே இருக்கிறான்? அந்தச் சகோதரி தாம் கற்ற எழுத்தைத் தங்கைக்கும் சொல்லிக்கொடுத்தார். மூத்த தமையனார் இபுராகீம் சாபிர் ஆங்கிலம் கற்பித்தார். பகலில் முடியாது. இரவில் வீட்டார் எல்லாரும் உறங்கிய பிறகு, மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் அண்ணனும் தங்கையும் உட்கார்ந்து பாடம் நடத்தினார்கள். இந்தத் தமையனாருக்கும் சகோதரிக்கும் அம்மையார் பிற்காலத்தில் தம் நூல்களைக் காணிக்கையாக்கினார்.

1898-ஆம் ஆண்டு வாக்கில், பீகாரைச் சேர்ந்த பாகல்பூரில் டிப்டி மாஜிஸ்திரேட்டாக இருந்த சையிது சகாவத் ஹுசைன் அவர்களுக்கு அம்மையாரை நிக்காஹ் செய்துகொடுத்தார்கள். மாப்பிள்ளை உருது பேசுகிறவர். இங்கிலாந்து சென்று படித்து வந்தவர். வயதில் மிகவும் மூத்தவர். முதல் மனைவியை இழந்தவர். முதல் தாரத்தில் ஒரு பெண்பிள்ளையும் உண்டு. இன்றைய கண்ணுக்கு இது பொருத்தமான சம்பந்தமாகத் தோன்றாது. ஆனால் இந்த மனிதர் இல்லையென்றால் நாம் எழுதவேண்டிய வரலாறே இல்லை. மனைவியின் படிப்பை அவர் தடுக்கவில்லை; மேலும் படிக்கச் சொன்னார், எழுதச் சொன்னார், எழுதியதை அச்சிடச் சொன்னார். பெண்கள் படிக்காத சமூகம் தலைதூக்காது என்பது அவருடைய உறுதியான அபிப்பிராயம்.

ஒருமுறை அவர் சர்க்கார் வேலையாகச் சுற்றுப்பயணம் போயிருந்தார். தனியாக இருந்த அம்மையார் பொழுதுபோக்காக ஆங்கிலத்தில் ஒரு கதை எழுதினார். சுல்தானாவின் கனவு என்பது அதன் பெயர். அந்தக் கனவு நாட்டில் ஆண்கள் வீட்டுக்குள் அடைந்து சமையலும் பிள்ளை வளர்ப்பும் பார்க்கிறார்கள்; பெண்கள் வெளியே வந்து நாட்டை ஆளுகிறார்கள். பெண்களின் சர்வகலாசாலை ஒன்று மேகத்திலிருந்து நேரே தண்ணீர் இறக்கிக்கொள்ள வழி கண்டுபிடிக்கிறது. இன்னொன்று வெயிலின் சூட்டைச் சேர்த்து வைத்துச் சமையலுக்கும், படையெடுத்து வந்த பகைவரை விரட்டவும் பயன்படுத்துகிறது. பயணத்திலிருந்து திரும்பிய கணவர் நின்றவாறே அதைப் படித்துவிட்டு, ஆண்களைப் பயங்கரமாகப் பழிவாங்கிவிட்டதாகச் சொல்லிச் சிரித்தாராம். பிறகு ஆங்கிலம் சரியாக இருக்கிறதா என்று துரை ஒருவரிடம் காட்டிப் பார்த்து, அச்சுக்கு அனுப்பினார்கள். அனுப்பியது எங்கே என்பது நம்மவர்களுக்குச் சந்தோஷம் தரும். சென்னைப் பட்டணத்தில் கமலா சத்தியநாதன் அம்மையார் நடத்திவந்த பெண்கள் ஆங்கிலப் பத்திரிகைக்கு. 1905-ஆம் ஆண்டு அந்தக் கதை அங்கேதான் முதன்முதல் வெளிவந்தது. மூன்று வருஷத்துக்குப் பிறகு தனிப் புத்தகமாயிற்று.

இல்லற வாழ்வு பத்தாண்டுக்குச் சற்று மேல்தான் நீடித்தது. பிறந்த இரண்டு பெண்குழந்தைகளும் சில மாதங்களிலேயே இறந்துவிட்டன. கணவருக்கு நீரிழிவு நோய் முற்றிக் கண்பார்வையும் போயிற்று. அம்மையார்தான் பக்கத்திலிருந்து பார்த்துக்கொண்டார். 1909-ஆம் ஆண்டு மே 3-ஆம் தேதி சகாவத் ஹுசைன் அவர்கள் வபாத்தானார்கள். தம் சேமிப்பிலிருந்து பெண்பள்ளி ஒன்றுக்கென்று பத்தாயிரம் ரூபாயை அவர்கள் ஒதுக்கிவைத்திருந்தார்கள். அக்காலத்தில் பத்தாயிரம் ரூபாய் என்பது ஒரு நடுத்தர வியாபாரியின் முழு முதல். சகாவத் என்ற சொல்லுக்குக் கொடைத்தன்மை என்று பொருள். பெயருக்கேற்ற மனிதர்.

அதே வருஷம் அக்டோபர் 1-ஆம் தேதி பாகல்பூரில் ஐந்து பிள்ளைகளோடு பள்ளி தொடங்கிற்று. நாள் கணக்குப் பார்த்தால், இத்தாக் காலம் கழிந்து ஒரு மாதங்கூட ஆகவில்லை. இருபத்தெட்டு வயதுக் கைம்பெண், துக்க வீட்டின் கதவு திறந்ததும் செய்த முதற்காரியம் இதுவாக இருந்தது.

பாகல்பூரில் நீடித்து இருக்க முடியவில்லை. மூத்த தாரத்து மகளுக்கும் மருமகனுக்கும் அம்மையாருக்கும் இடையே சொத்து விஷயமாகத் தகராறு முற்றி, அம்மையார் 1910-ஆம் ஆண்டு அந்த ஊரை விட்டே போகும்படி ஆயிற்று. நியாயம் யார் பக்கம் என்று இன்று நாம் தீர்ப்புச் சொல்ல வேண்டியதில்லை. வாரிசுத் தகராறு குடும்பத்தை என்ன பாடு படுத்தும் என்பது நம்மிடையேயும் தெரியாத சங்கதியல்ல. பள்ளியின் கதை அத்தோடு முடிந்தது என்றுதான் பாகல்பூரில் எண்ணியிருப்பார்கள். 1911-ஆம் ஆண்டு மார்ச் 16-ஆம் தேதி கல்கத்தாவில் வலியுல்லா சந்து 13-ஆம் எண் வீட்டில் சகாவத் நினைவுப் பெண்பள்ளி மறுபடியும் திறக்கப்பட்டது. இந்தத் தடவை எட்டுப் பிள்ளைகள்.

பள்ளியை எப்படி நடத்துவது என்று அம்மையாருக்குத் தெரியாது. தெரியாததை மறைக்கவும் இல்லை. கல்கத்தாவில் இருந்த பிற சமூகத்தாரின் பெண்பள்ளிகளுக்குச் சென்று, வகுப்பில் உட்கார்ந்து, உபாத்தியாயினி எப்படிப் பாடம் சொல்கிறார், ஒரே நேரத்தில் பல பிள்ளைகளை எப்படிக் கவனிக்கிறார், மணி எப்போது அடிக்கிறார்கள் என்று பார்த்துப் பார்த்துக் கற்றுக்கொண்டார். புதிதாகக் கடை வைக்கிறவன் முதலில் இன்னொருவர் கடையில் நின்று தொழில் பழகுவது போலத்தான்.

அந்தச் சமயத்தில்தான் பர்மா வங்கி மஞ்சள் கடுதாசி கொடுத்தது. பள்ளிக்கென்று அம்மையார் அதில் போட்டு வைத்திருந்த பணம் போயிற்று. ரங்கூன் வியாபாரத்தில் சம்பந்தப்பட்டிருந்த நம் முன்னோர்களுக்கு இப்படிப்பட்ட முறிவுகள் புதியனவல்ல. வியாபாரிக்காவது இரண்டு நல்ல சீசன் வந்தால் இழந்ததை எடுக்க வழியுண்டு. பள்ளிக்கு எந்த சீசன் வரும்? தம் கைப்பொருளைப் போட்டும், பத்திரிகைகளில் எழுதியும், செல்வர்களிடம் கேட்டும், சர்க்காரிடம் மனுப் போட்டும் அம்மையார் பள்ளியை நிறுத்தாமல் நடத்தினார்.

பணத்தைவிடக் கஷ்டமான காரியம் பிள்ளைகளைச் சேர்ப்பது. புர்கா அணிந்துகொண்டு வீடு வீடாகப் போய்த் தாய்மார்களிடம் பேசினார். இளம் விதவை பள்ளி நடத்துவதைப் பற்றித் தகாத பேச்சுகளும் எழுந்தன. கல்கத்தாவில் முஸ்லிம் உபாத்தியாயினிகள் கிடைப்பது அரிதாக இருந்ததால் கயா, ஆக்ரா, சென்னை முதலிய தூர ஊர்களிலிருந்தெல்லாம் வரவழைத்தார். குர்ஆனைப் பொருளோடு ஓதுதல் முதற்பாடம். அதோடு உருது, பாரசீகம், ஆங்கிலம், வங்காளம், தையல், சமையல், நோயாளியைக் கவனித்தல், தேகப்பயிற்சி எல்லாம் உண்டு. இதில் வங்காளப் பாடந்தான் நிலைக்கவில்லை. கல்கத்தா முஸ்லிம் குடும்பங்களில் உருதுவே ஓங்கியிருந்தமையால் அதற்குப் பிள்ளைகள் சேரவில்லை. வங்காளத்தில் நூல்களாக எழுதிக் குவித்த அம்மையாருக்கு, தம் பள்ளியிலேயே வங்காளத்துக்கு ஆளில்லாதது பெரிய மனக்குறையாக இருந்திருக்க வேண்டும்.

இனி மோட்டார் வண்டிக் கதையைச் சொல்ல வேண்டும். பெண்பிள்ளைகளை நடந்து வரச் சொல்ல முடியாது. ஆகையால் பள்ளிக்கென்று ஒரு மோட்டார் பஸ் செய்வித்தார்கள். கோஷாவுக்குப் பங்கம் வரக்கூடாதென்று நாலு பக்கமும் அடைத்து, முன்னாலும் பின்னாலும் கதவுக்கு மேலே மூன்று அங்குல அகலத்தில் கம்பிவலை வைத்தார்கள். காற்று வர அதைத் தவிர வேறு வழியில்லை. பள்ளியின் வெள்ளைக்கார ஆசிரியை அதைப் பார்த்துவிட்டு, அந்த இருட்டுக்குள் தாம் ஏறவே போவதில்லை என்று சொல்லிவிட்டார்.

முதல் நாள் பிள்ளைகளை வீட்டில் விட்டுத் திரும்பிய ஆயா, உள்ளே தாங்கமுடியாத புழுக்கம் என்றும், சில பிள்ளைகள் வாந்தி எடுத்தன என்றும், சின்னப் பிள்ளைகள் இருட்டைக் கண்டு அழுதன என்றும் சொன்னாள். மறுநாள் பின்கதவின் அடைப்பைத் திறந்து வர்ணத் திரை தொங்கவிட்டார்கள். அன்றும் சிலர் மயங்கி விழுந்தார்கள், தலைவலி என்றார்கள். மாலையில் இரு பக்கத்துச் சன்னல்களையும் திறந்து அவற்றுக்கும் திரை போட்டார்கள். அன்றிரவு அம்மையாரின் இந்து சிநேகிதி ஒருவர் வந்து, தெருவில் அந்த வண்டி போனபோது பெரிய அலமாரி ஒன்றுதான் உருண்டு போகிறதோ என்று நினைத்துவிட்டதாகச் சொல்லிச் சிரித்தார். மூன்றாம் நாள் தாய்மார்கள் சிலர் வந்து சண்டை பிடித்தார்கள். பிள்ளைகளை உயிரோடு கபரில் வைத்து அனுப்புவது போல இருக்கிறது, நாளை முதல் பிள்ளைகள் வரமாட்டார்கள் என்பது அவர்கள் பேச்சு. கோஷாவுக்காகத்தானே இப்படிச் செய்தோம் என்றால், கோஷாவுக்காகப் பிள்ளையைக் கொல்வதா என்று திருப்பிக் கேட்டார்கள்.

அதே நாள் மாலைத் தபாலில் நாலு கடிதங்கள் வந்தன. ஆங்கிலத்தில் எழுதியவர் இஸ்லாமியச் சகோதரன் என்று மட்டும் கையெழுத்திட்டிருந்தார். மற்ற மூன்றும் உருது. இரண்டில் பெயரே இல்லை. ஒன்றில் ஐந்து பேர் சேர்ந்து கையெழுத்திட்டிருந்தார்கள். நாலு கடிதத்திலும் விஷயம் ஒன்றுதான். வண்டியின் இரு பக்கத்துத் திரைகளும் காற்றில் படபடக்கின்றன; அதனால் கோஷா கெடுகிறது; நாளைக்குள் சரிசெய்யாவிட்டால் உருதுப் பத்திரிகைகளில் எழுதிப் பிள்ளைகள் அந்த வண்டியில் ஏறாதபடி செய்துவிடுவார்கள்.

பகலில் வந்த தாய்மார்களுக்கும் மாலையில் வந்த கடிதங்களுக்கும் இடையில் அம்மையார் உட்கார்ந்திருந்த அந்த ஒரு நாளை நாம் நினைத்துப் பார்க்கிறோம். இருசாராரும் பள்ளியின் நன்மையைக் கோரியே பேசினார்கள். ஒருவரும் அந்த வண்டிக்கு ஒரு ரூபாய் கொடுத்ததாகத் தெரியவில்லை. பெயர் போடாமல் கடிதம் எழுதும் வழக்கம் நம் சங்கங்களுக்கும் ஜமாஅத்துகளுக்கும் அன்னியமல்ல என்பதால், இதைப் பற்றி மேலும் சொல்லாமல் விடுகிறோம்.

அம்மையார் கோஷாவை அறவே ஒழிக்க வந்தவர் என்று சிலர் எழுதுவார்கள். அது சரியன்று. புர்காவைப் பற்றித் தனியாகவே ஒரு கட்டுரை எழுதி அதை ஆதரித்திருக்கிறார், தாமும் அணிந்தார். உடலை மறைப்பது வேறு, ஆளை அடைத்து வைப்பது வேறு என்பது அவர் செய்த பாகுபாடு. முன்னதை ஏற்றார், பின்னதை வாழ்நாள் முழுதும் சாடினார். புகைவண்டி நிலையத்தில், நோய்ப் படுக்கையில், தீப்பிடித்த வீட்டில் கோஷா என்ற பெயரால் பெண்கள் பட்ட அவதிகளை நாற்பத்தேழு சிறு சம்பவங்களாகத் தொகுத்து 1931-ஆம் ஆண்டு அவரோத்வாசினி என்ற நூலாக வெளியிட்டார். அடைபட்டு வாழ்கிறவள் என்பது அதன் பொருள். மேலே சொன்ன மேல்மாடிக் கதையும் மோட்டார் வண்டிக் கதையும் அதில் உள்ளவைதாம்.

அப்படிச் சாடியவர் ஏன் தம் பள்ளி வண்டியையே அடைக்கச் சம்மதித்தார் என்று வாசகர் கேட்கலாம். திரையைக் கிழித்தெறிந்திருந்தால் பத்திரிகைக்காரர்கள் புகழ்ந்திருப்பார்கள். மறுநாள் வகுப்பில் பிள்ளைகள் இருந்திருக்கமாட்டார்கள். எட்டாக இருந்த எண்ணிக்கை 1915-ஆம் ஆண்டில் எண்பத்துநாலாக உயர்ந்தது இந்த விட்டுக்கொடுத்தலினால்தான். அவர் செய்தது கசப்பான பேரம். நாம் அதைக் கோழைத்தனம் என்று கூறமாட்டோம். பேனா பிடித்தபோது விட்டுக்கொடுக்காதவர், பிள்ளைகளுக்காக விட்டுக்கொடுத்தார்.

பேனாவிலும் ஒருமுறை விட்டுக்கொடுத்ததுண்டு. இளமையில் பெண்களின் தாழ்வு நிலை குறித்து 1904-ஆம் ஆண்டு ஒரு பத்திரிகையில் எழுதிய கட்டுரையில், சமயங்களின் பெயரால் ஆண்கள் பெண்களை அடக்குவது பற்றி மிகவும் சூடாக எழுதிவிட்டார். எதிர்ப்பு எழுந்தது. மோத்தி சூர் என்ற தம் முதல் நூலில் அக்கட்டுரையைச் சேர்த்தபோது ஐந்து பாராக்களை நீக்கினார். அவர் எழுதிய ஒவ்வொரு வரியையும் நாம் ஏற்றுக்கொள்வதாகச் சொல்லமாட்டோம். நம் உலமாக்களும் ஏற்கமாட்டார்கள். ஆனால் அந்த வரிகளைக் காட்டி அவருடைய பள்ளியை மறைப்பது நேர்மையல்ல. குர்ஆனைப் பொருள் அறியாமல் கிளிப்பிள்ளைபோல் ஓதவைப்பதைக் கண்டித்து, பொருளறிந்து ஓதினால் பெண்ணுக்குத் தன் உரிமை தெரியும் என்று வலியுறுத்தியவர் அவர்.

பள்ளி ஐரோப்பியன் அசைலம் சந்துக்கும், அங்கிருந்து லோயர் சர்க்குலர் சாலைக்கும் வீடு மாறியது. 1917-ஆம் ஆண்டு வைசிராயின் மனைவியார் செம்ஸ்போர்டு சீமாட்டி வந்து பார்வையிட்ட பின், பெரிய மனிதர்களின் கண்ணும் அதன்மேல் விழுந்தது. உபாத்தியாயினிகளுக்குப் பயிற்சி கொடுக்க ஓர் இடம் வேண்டுமென்று அம்மையார் விடாமல் கேட்டுவந்ததன் பயனாக, 1919-ஆம் ஆண்டு சர்க்கார் கல்கத்தாவில் முஸ்லிம் பெண்கள் பயிற்சிப் பள்ளி ஒன்றை ஏற்படுத்திற்று. 1930-ஆம் ஆண்டு வாக்கில் சகாவத் பள்ளி உயர்நிலைப் பள்ளியாகிவிட்டது.

வசதியுள்ள வீட்டுப் பிள்ளைகளோடு அம்மையார் நின்றுவிடவில்லை. 1916-ஆம் ஆண்டு அஞ்சுமனே கவாத்தீனே இஸ்லாம் என்று முஸ்லிம் பெண்கள் சங்கம் ஒன்றை நிறுவினார். விதவைகளுக்கு உதவி, ஏழைக் குமருக்கு நிக்காஹ் செலவு, குடிசைப் பகுதிப் பெண்களுக்கு எழுத்தறிவு ஆகியவை அதன் வேலைகள். முதலில் கூட்டத்துக்கு அழைத்தால் யாரும் வரமாட்டார்கள். கூட்டம் என்றால் என்ன என்பதே பலருக்குத் தெரியாது. விருந்துக்கு வருவதுபோல வந்து, கூட்டம் முடிந்த பிறகு, கூட்டம் எப்போது என்று கேட்டவர்களும் உண்டாம்.

நம் மூத்த தலைமுறையார் ஆண்பிள்ளைக்குக் கடை, பெண்பிள்ளைக்குக் கலியாணம் என்று ஐந்தொகை எழுதி முடித்தவர்கள். இன்று நம் பெண்மக்கள் பல்கலைக்கழகம் வரை செல்கிறார்கள். டாக்டர்களாகவும் வழக்கறிஞர்களாகவும் இருக்கிறார்கள். அல்ஹம்துலில்லாஹ். என்றாலும், வியாபாரம் நொடித்து வீட்டுச் செலவைச் சுருக்க வேண்டிவரும்போது எந்தப் பிள்ளையின் படிப்பை நிறுத்தலாம் என்ற பேச்சு முதலில் யாரை நோக்கித் திரும்புகிறது? குடும்பத் தலைவர் இறந்துபோன வீட்டில் நம் சங்கத்தின் படிப்பு உதவியைக் கேட்டு மகனுக்கு எழுதும் தாய், மகளுக்கும் எழுதுகிறாளா? உதவித் தொகைக் கமிட்டியில் இருப்பவர்கள் இதைத் தங்கள் பேரேட்டைப் புரட்டிப் பார்த்தால் தெரிந்துகொள்ளலாம்.

அம்மையாரின் கடைசி ஆண்டுகள் நோயோடு கழிந்தன. பள்ளியில் மட்டும் ஓய்வெடுக்கவில்லை. 1926-ஆம் ஆண்டு வங்காளப் பெண்கள் கல்வி மாநாட்டுக்குத் தலைமை வகித்தார். பள்ளியிலேயே ஒரு பகுதியில் குடியிருந்தார். 1932-ஆம் ஆண்டு டிசம்பர் 8-ஆம் தேதி இரவு வெகுநேரம் மேஜையில் உட்கார்ந்து எழுதிக்கொண்டிருந்துவிட்டுப் படுத்தார். மறுநாள் 9-ஆம் தேதி, பிறந்த தேதியன்றே, ஐம்பத்திரண்டாம் வயது நிறைந்த நாளில் மவுத்தானார். மேஜையில் பெண்ணின் உரிமை என்று தலைப்பிட்ட கட்டுரை ஒன்று முடிவுறாமல் கிடந்தது. கல்கத்தாவுக்கு வடக்கே சோதேப்பூரில் உறவினர் ஒருவரின் நிலத்தில் ஜனாஸாவை நல்லடக்கம் செய்தார்கள்.

வங்காள தேசத்தில் டிசம்பர் 9-ஆம் தேதியை ருகையா நாள் என்று கொண்டாடுகிறார்கள். டாக்கா பல்கலைக்கழகத்தில் மாணவியர் விடுதி ஒன்று அம்மையாரின் பெயரைத் தாங்கியிருக்கிறது. எட்டுப் பிள்ளைகளுடன் தொடங்கிய பள்ளி, கல்கத்தா லார்டு சின்ஹா சாலையில் அரசினர் பெண்பள்ளியாக இன்றும் நடந்து வருகிறது. அதன் பெயர் இப்போதும் சகாவத் நினைவுப் பள்ளிதான்.